நாலு மணிக் குடுவை

கஸ்பார் மோத்தா இறந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அவரைக் கொன்ற கிருமி மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. தினமும் காலையில் அதற்குச் சாப்பாடு வைப்பவள் அவருடைய மனைவி ஜெசிந்தா.

இதைக் கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வடக்கே இருந்த மலேரியா ஆய்வகத்தில் அவளுடைய உத்தியோகமே அதுதான். கண்ணாடிக் குடுவையின் அடியில் மனித ரத்தத்தின் சிவப்பணுக்கள் படிந்திருக்கும், அவற்றுக்கு மேலே வெளிறிய ரோஜா நிறத்தில் சத்துநீர் நிற்கும். கிருமி சிவப்பணுவுக்குள் குடியிருந்து அதைத் தின்று வளரும். பழைய நீரை உறிஞ்சிவிட்டுப் புதிய நீர் ஊற்ற வேண்டும், அணுக்கள் தீரத் தீரப் புது ரத்தம் சேர்க்க வேண்டும். காற்று அதிகம் இருந்தாலும் கிருமிக்கு ஆகாது. அதற்காக ஒரு கண்ணாடி ஜாடிக்குள் குடுவையையும் எரிகிற மெழுகுவத்தியையும் வைத்து மூடிவிடுவாள் ஜெசிந்தா. சுடர் தானாக அணையும்போது காற்று சரியாக இருக்கும். மற்றக் குடுவைகளுக்கெல்லாம் இயந்திரம் வந்துவிட்டது. இந்த ஒன்றுக்கு மட்டும் அவள் இன்னும் மெழுகுவத்திதான் கொளுத்தினாள், அதுவும் கோயிலில் வாங்கிய மெழுகுவத்தி. ஆய்வகத் தலைவர் டாக்டர் மொகுதூம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார்.

அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கென்று சில சொற்கள் இருந்தன. சிவப்பணுவுக்குள் புதிதாக நுழைந்த கிருமி நுண்ணோக்கியில் கல் வைத்த மோதிரம்போல் தெரியும். அது மோதிரம். ஒரு நாளில் தடித்துக் காயாகும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பழமாகி, அணுவைக் கிழித்துக்கொண்டு சிதறி, அடுத்த அணுக்களைத் தேடிப் போகும். நோயாளியின் உடம்பில் எல்லாப் பழங்களும் ஒரே நேரத்தில் வெடிக்கும். அப்போதுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டுகிற குளிர்காய்ச்சல் வரும். குடுவைக்குள் வந்துவிட்டால் அந்த ஒழுங்கு போய்விடும். மோதிரமும் காயும் பழமும் கலந்துகட்டிக் கிடக்கும்.

கஸ்பாரின் குடுவை மட்டும் அப்படி இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை நாலு மணிக்கு, சொல்லி வைத்தாற்போல் வெடித்தது. குடுவைக்கு அடியில் இரவு பகலாகப் படமெடுத்து எண்ணிக்கொண்டிருக்கும் கருவியை ஆறு வருஷத்துக்கு முன்பு வாங்கினார்கள். அது வரைந்து கொடுத்த முதல் வரைபடத்தைப் பார்த்ததும் ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணி கஸ்பாருடைய நேரம். அவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். காலை நாலிலிருந்து எட்டு, மாலை நாலிலிருந்து எட்டு அவருக்கு வாட்ச், இன்ஜின் அறையில் காவல் முறை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் உடம்பு அதை விடாது. நாலு அடித்தால் எழுந்து, கட்டில் முனகாமல் இறங்கி, அடுப்படியில் பால் ஊற்றாத கட்டன் சாயா போட்டுக்கொண்டு மாடியில் போய்க் கடலைப் பார்த்து நிற்பார். தலையில் இடி விழுந்தாலும் நீ அசைய மாட்டே என்று ஜெசிந்தாவைக் கேலி செய்வார். அது உண்மைதான். அவள் பத்து மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்குத்தான் எழுவாள். தெருவுக்கே தெரிந்த தூக்கம் அது.

ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து அவர் காய்ச்சலோடு திரும்பினார். மருந்து கொடுத்தார்கள், மூன்றே நாளில் எழுந்து நடமாடினார். சாக வேண்டிய கிருமி சாகவில்லை, மோதிரமாகவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்து அது விழித்துக்கொண்டது. அப்போது சோதனைக்கு எடுத்த அவருடைய ரத்தத்திலிருந்துதான் அந்தக் குடுவை தொடங்கியது. மருத்துவமனையில் மூன்று இரவு ஜெசிந்தா கண் மூடாமல் இருந்தாள். நாலாம் இரவு வெளி பெஞ்சில் அசந்துவிட்டாள். அவர் போனதை நர்ஸ் வந்து எழுப்பித்தான் சொன்னாள். மாமியார் அதை வெகுகாலம் சொல்லிக்காட்டினாள்.

அதற்குப் பிறகும் ஜெசிந்தாவுக்குத் தூக்கம் கெடவில்லை. அதுதான் அவளுக்கு வெட்கம். கனவில்கூட அவர் வருவதில்லை. இரண்டு வருஷமாக அவருடைய குரலை நினைத்துப் பார்த்தால் சரியாகப் பிடிபடவில்லை. தன்னிடம் இல்லாமல் போனது அந்தக் குடுவையில் இருக்கிறது என்று அவள் நம்பினாள். அவர் உடம்பில் குடியிருந்த கிருமி அவர் எழுகிற நேரத்தைப் படித்துக்கொண்டுவிட்டது, தலைமுறை தலைமுறையாக மறக்காமல் வைத்திருக்கிறது. டாக்டர் மொகுதூமும் அதைத்தான் நம்பினார். ‘ஒட்டுண்ணியின் நினைவு’ என்று கட்டுரை எழுதி வெளிநாட்டிலெல்லாம் பேசிவிட்டு வந்திருந்தார். அந்த நினைவு குழம்பிவிடக் கூடாதென்று, ரத்த வங்கியின் கலந்த ரத்தத்தை ஜெசிந்தா அந்தக் குடுவைக்கு ஒருநாளும் விட்டதில்லை. ஆரம்பத்திலிருந்தே மாதம் ஒருமுறை தன் கையிலிருந்து எடுத்த ரத்தத்தைத்தான் ஊற்றினாள்.

அந்த வருஷம் மாசி மாதம் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

கடற்கரை ஊர்களில் பழைய மருந்துக்கு மசியாத காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தால் கிருமி தூங்கும், பதினைந்து நாளில் எழும், மூன்றாவது தடவை எழுந்தால் ஆள் தேறுவது கஷ்டம். புதிதாக ஒரு மருந்து வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அதற்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை, முப்பத்தொன்று என்ற எண்தான்.

“இது கிருமியை அடிக்கிறதில்ல, ஜெசிந்தாம்மா. அதோட நேரத்தைக் கலைக்குது. எப்ப காயாகணும், எப்ப வெடிக்கணும்னு தெரியாமத் திண்டாடி, அணுவுக்குள்ளயே செத்துப்போகும். தூங்கவும் தெரியாது. ஆனா நேரமே இல்லாத கிருமிகிட்ட இதுக்கு வேலை இல்ல. நம்மகிட்ட இருக்கிற நாப்பது குடுவையிலயும் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் நடக்கல. நேரம் உள்ள குடுவை ஒண்ணுதான் இருக்கு.”

அவர் மீதியைச் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவையுங்கள் என்றாள். அதற்கு மேலிடத்துக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கு மசியாத கிருமி உயிரோடு ஊருக்குள் இருப்பதே ஆபத்து என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனை தொடங்கும் அன்றைக்கே மிச்சத்தை ப்ளீச்சில் கொட்டிவிட வேண்டும் என்பது நிபந்தனை. உறைய வைத்த மாதிரி ஒன்றைச் சென்னையில் வைத்துக்கொள்வார்கள். உறைய வைத்தால் கிருமி பிழைக்கும், நேரம் பிழைக்காது. அது ஜெசிந்தாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“உங்ககிட்ட நான் எதைக் கேக்குறேன்னு எனக்குத் தெரியும்,” என்றார் டாக்டர். அவசரமில்லை, குடுவையில் எண்ணிக்கை நன்றாக ஏறியதும் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா இரண்டு வாரம் ஓட்டினாள். இருபது வருஷ சர்வீஸில் ஒரு பொய் எழுதாதவள், பதிவேட்டில் ‘எண்ணிக்கை குறைவு’ என்று தினமும் எழுதினாள். நூற்றுக்கு எட்டு அணுவில் கிருமி நிறைந்து கிடந்தது. அவள் ஒன்றரை என்று போட்டாள்.

பக்கத்து மேஜையில் வேலை பார்த்த உலகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், ஜெசிந்தாவைவிட எட்டு வயது இளையவள். அவளுடைய கணவன் சுடலைமணிக்குத் துறைமுகத்தில் பாரம் ஏற்றுகிற வேலை. அந்த இரண்டு வாரத்துக்குள் அவனுக்குக் காய்ச்சல் இரண்டாவது தடவை எழுந்திருந்தது. மத்தியானம் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள், மூன்று மணிக்குத் திரும்பி வந்து கையுறை மாட்டிக்கொள்வாள். பதிவேட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஜெசிந்தாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்தச் சமயத்தில் ஜெசிந்தாவின் உடம்பு காலை வாரிவிட்டது. மாதவிலக்கு நிற்கிற வயது. போன மாதம் உதிரப்போக்கு நிற்காமல் போனதில் ரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆய்வகத்திலேயே மயங்கி விழுந்தாள். படுக்கையில் பத்து நாள் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குக் கையில் ஊசி குத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் படுத்துக்கொண்டு அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். குடுவைக்கு வைத்திருந்த ரத்தம் இரண்டு நாளைக்குத்தான் வரும். அதற்குப் பிறகு வங்கி ரத்தத்தை ஊற்றிவிடுவார்களோ என்று பயந்து உலகம்மாளுக்குப் போன் செய்தாள். அதெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன், நிம்மதியாப் படுங்க என்றாள் உலகம்மாள்.

பத்து நாள் கழித்து ஜெசிந்தா வந்து வரைபடத்தை விரித்தாள். நாலு மணியில் உச்சமாக ஏறியிருக்க வேண்டிய முனை அங்கே இல்லை. முதல் வெடிப்பு நாலேகாலில் இருந்தது, அடுத்தது நாலே முக்கால், அதற்கடுத்தது ஐந்து. கடைசி வெடிப்பு ஐந்தேகாலில் நின்றது.

“என்னத்தை ஊத்தின?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“என் ரத்தம்தான்க்கா. எனக்கும் ஓ பாசிட்டிவ். வங்கி ரத்தம் உங்களுக்கு ஆகாதுல்லா, அதான்.”

“பதினோரு வருஷம் காப்பாத்தினேன். பத்து நாள்ல அவிய நேரத்தை அழிச்சிட்டியே உலகு.”

உலகம்மாள் அழவில்லை. வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கடைசி முனையில் விரலை வைத்தாள்.

“அக்கா, அஞ்சேகால் என் நேரம். பிள்ளைக்குச் சோறு வடிச்சு வச்சிட்டு ஆறரை பஸ்ஸைப் புடிக்கணும்னா அஞ்சேகாலுக்கு எந்திரிக்கணும். கலியாணம் ஆன நாள்லேர்ந்து அலாரமே வச்சதில்ல.”

உலகம்மாள்தான் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் நின்றபடியே பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, அதற்கு நேரம் தெரியாது என்று வெகுகாலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்புறம்தான் அதற்கும் ஒரு நேரம் உண்டு, எந்த உடம்பிலிருந்து வந்ததோ அந்த உடம்பின் நேரம் என்று கண்டுபிடித்தார்கள். இதை அவரே மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். குடுவைக்குள் போன பிறகும் அணு அதை மறக்காது, உள்ளே இருக்கிற கிருமி அதைக் கேட்டு நடக்கும் என்பதுதான் அவருக்குத் தோன்றவே இல்லை.

“கிருமிக்கு ஒரு நினைவும் இல்ல. வீடு சொல்ற நேரத்துக்கு அது நடக்குது, அவ்வளவுதான்,” என்றார். “மத்தக் குடுவைக்கெல்லாம் ஆயிரம் பேர் ரத்தம் கலந்து ஊத்தினோம், நேரம் அடிபட்டுப் போச்சு. இதுக்கு ஒரே ஆள் ரத்தம். என் கட்டுரையைக் கொண்டுபோய்க் கடல்ல போட வேண்டியதுதான்.” அவர் சிரிக்கப் பார்த்தார். நடுவிலேயே ஜெசிந்தாவின் முகம் கண்ணில் பட்டு நிறுத்திக்கொண்டார்.

“அப்படி இருக்க முடியாது சார்,” என்றாள் ஜெசிந்தா. “என் ரத்தத்தைக் கேட்டு நடந்திருந்தா ஆறு மணிக்குல்லா வெடிக்கணும். நான் நாலு மணிக்கு எந்திரிச்சதே இல்ல. ஒரு நாள்கூட.”

அவள் சொன்னது நியாயம்தான். இத்தனை வருஷமாக யாருக்கும் அவள் ரத்தத்தின் மேல் சந்தேகம் வராததற்கும் அதுதான் காரணம். உடம்பின் சூட்டையும் நாடியையும் குறித்துக்கொள்ளும் பட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு வாரம் கையில் கட்டியிருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும் என்றார்.

அந்த ஒரு வாரம்போல் ஜெசிந்தா எந்த வாரத்தையும் கடத்தியதில்லை. பதிவேட்டைத் திறந்து, பொய்யாக எழுதிய பதினான்கு நாளையும் அடித்துச் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மூடி வைத்தார். சுடலைமணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோடு போனாள். அவன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே எழுந்து உட்காரப் பார்த்தான். அவன் கண்ணைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் படுக்கும்போது மாதாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான். பட்டையில் நாலு மணிக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. ஆறு மணிக்குத்தான் முனை விழ வேண்டும். அப்படி விழுந்தால் அந்த நாலு மணி அவருடையது. அது அழிந்துபோனாலும் பரவாயில்லை, இத்தனை நாள் அது அவராக இருந்ததே என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் பதினோரு வருஷமும் தன் ரத்தத்துக்குத் தானே மெழுகுவத்தி கொளுத்தியதாக ஆகிவிடும்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் பட்டையைக் கழற்றிக் கணினியில் செருகினார். உலகம்மாள் ஜெசிந்தாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் ஏழு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

ஏழிலும் முனை நாலு மணியில் இருந்தது.

“நீங்க எந்திரிக்கல,” என்றார் டாக்டர். “கை காலு அசையவே இல்ல, பாருங்க. நல்ல தூக்கம். ஆனா நாலு மணிக்கு நாடி அம்பத்தெட்டுலேர்ந்து எம்பதுக்கு ஏறுது, சூடும் ஏறுது. பதினோரு நிமிஷம் அப்படியே நிக்குது, அப்புறம் இறங்கிடுது. ஆறு மணிக்கு நீங்க முழிக்கிறீங்க, அங்க இவ்வளவு பெரிய முனை இல்ல. உங்க உடம்புக்கு விடியறதே நாலு மணிக்குத்தான்.” “நாலு மணிக்கு உங்களுக்கு என்ன ஜெசிந்தாம்மா?” என்று கேட்டார்.

ஜெசிந்தாவுக்குப் பதில் தெரிந்தது. ஒவ்வொரு விடுமுறையிலும், மூன்று மாதமோ நாலு மாதமோ, தினமும் அந்த நேரத்துக்குக் கட்டிலில் ஒரு பக்கம் லேசாகும். அவர் பூனைபோல் இறங்கிப் போய்விட்டதாக நினைத்துக்கொள்வார். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரியாமல், அவளுக்கும் தெரியாமல், அவளுக்குள் ஏதோ ஒன்று தினமும் எழுந்து அவர் போவதைப் பார்த்திருக்கிறது.

அதை அவளால் டாக்டரிடம் சொல்ல முடியவில்லை. பழைய பழக்கம் சார் என்றாள். அவர் அதற்கு மேல் தோண்டவில்லை. மேலிடத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று எழுந்தார். ஒரே ஆளின் ரத்தம் இருந்தால் எந்த ஆய்வகத்திலும் எந்தக் கிருமிக்கும் நேரம் கொடுத்துவிடலாம், மருந்தை இனி எங்கும் சோதித்துப் பார்க்கலாம். நாளைக்கே உலகம்மாளின் ரத்தத்தில் தொடங்கிவிடுவோம், முதல் நோயாளிகளின் பட்டியலில் சுடலைமணி பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உலகம்மாள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேண்டிய அளவுக்கு எடுத்துவைத்த பிறகு குடுவையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் ஊற்றிவிடட்டுமா அக்கா என்று உலகம்மாள் கேட்டாள். ஜெசிந்தா வேண்டாமென்று தலையசைத்துவிட்டுத் தானே ப்ளீச் பாட்டிலைத் திறந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. சிவப்பு பழுப்பாகி, பழுப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அந்தப் பதினோரு நிமிஷமும் உங்க உடம்பு என்னதான்க்கா செய்யும்?” என்று உலகம்மாள் மெல்லக் கேட்டாள்.

“காத்துக் கிடக்கும்,” என்றாள் ஜெசிந்தா. “அவிய சாயாவைக் குடிச்சிட்டுத் திரும்பி வந்திருவாவன்னு கிடக்கும். வரமாட்டாவன்னு தெரிஞ்சதும் படுத்துரும்.”

“இத்தனை வருஷம் ஆச்சே. இன்னுமா அதுக்குத் தெரியல?”

“தெரியும். தெனமும் அன்னைக்குத்தான் புதுசாத் தெரியும்.”